கேன் தண்ணியும் டேஷ்போர்டும்

பூந்தமல்லி - ஆவடி ரோட்டில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் ஒரு தண்ணீர் கேன் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே அடுக்கிய இருபது லிட்டர் கேன்கள், வாசலில் ஒரு குட்டியானை, பிளாஸ்டிக் சேரில் அப்பா. மகள் காலேஜில் மூன்றாம் வருடம். அவளுக்கு பிசினஸ் அனலிடிக்ஸ் என்று ஒரு பேப்பர், அதற்கு ஒரு புராஜெக்ட். மற்ற பிள்ளைகள் இணையத்தில் இருந்து ஏதோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட் டேட்டாவை இறக்கி பார் சார்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டாள். ஆரம்பித்தபோது எல்லாரும் பாராட்டினார்கள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பாவுக்கு இந்தக் கணக்கு வழக்கில் ஆர்வம் வந்ததற்கு 2019 கோடைதான் காரணம். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாம் காய்ந்து கிடந்த வருடம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் அது வில்லிவாக்கம் போனது. (அதே 2019ல்தான் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டுப் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நம்ம ஊர் டைமிங் எப்போதும் அப்படித்தான்.) அந்த இரண்டு மாதமும் அப்பாவின் போன் ஓயவில்லை. யார் முதலில் போன் செய்தார்களோ அவர்களுக்குக் கேன் போனது. பத்து வருடமாக வாங்கிக்கொண்டிருந்த பல வீடுகளுக்கு லைனே கிடைக்கவில்லை. மழை வந்த பிறகு அந்த வீடுகள் வேறு கடைக்குப் போய்விட்டன. "யாரு நம்ம ஆளு, யாரு புதுசுன்னு ஒரு லிஸ்ட் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

லிஸ்ட் இருந்தது. நீள நோட்டில், அவர் கையெழுத்தில், அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி.

மகள் முதலில் செய்தது, நோட்டை ஒரு சி.ஆர்.எம்.மில் ஏற்றியது. சி.ஆர்.எம். என்றால் வாடிக்கையாளர் பெயர், நம்பர், முகவரி, என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், என்ன திட்டினார் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். நம் கம்ப்யூட்டரில் இருக்காது, எங்கோ ஒரு சர்வரில் இருக்கும், பிரவுசரிலும் மொபைலிலும் திறந்து பார்க்கலாம். இதைத்தான் கிளவுட் என்கிறார்கள். மேகம் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் போனால் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களைப் பார்க்கலாம். என்.டி.டி., கண்ட்ரோல்எஸ், டிஜிட்டல் கனெக்ஷன் என்று 2023, 2024ல் அடுத்தடுத்து திறந்த டேட்டா சென்டர்கள். ஒரு காலத்தில் லேத் ஓடிய ஏரியாவில் இப்போது மேகம் ஓடுகிறது. கடையின் லிஸ்ட் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் மேகம் என்பது கரண்ட்டும் ஏசியும் கேட்கிற ஒரு கட்டடம்தான் என்று புரிந்துகொள்ள 70ஆம் நம்பர் பஸ் ரூட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

இந்த மாதிரி மென்பொருள் செய்வதிலும் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1996ல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி 2005ல் சோஹோ சி.ஆர்.எம்.மைக் கொண்டுவந்தது, 2009ல் கம்பெனியின் பெயரே சோஹோ ஆனது. கூடுவாஞ்சேரி பக்கம்தான் பெரிய வளாகம். அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் வெளியே வந்து 2010ல் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பித்தார்; அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியல் ஆனது. வாடிக்கையாளர் விவரத்தைச் சேர்த்து வைப்பது ஒரு தொழில் என்றால், சேர்த்து வைத்ததை அலசிப் பார்ப்பது இன்னொரு தொழில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் 2019ல் டேப்லோ என்ற அலசல் மென்பொருள் கம்பெனியை 1,500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது இதற்காகத்தான்.

கேன் கடைக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். இலவச வெர்ஷனே போதும்.

இரண்டாவது வேலை, அந்த சி.ஆர்.எம்.மை அனலிடிக்ஸ் தளத்தோடு இணைப்பது. அது சுலபம். சுலபம் என்பதுதான் பிரச்னையே. "கனெக்ட்" பட்டனை அழுத்தினால் அனுமதி கேட்கும். கொடுத்ததும் ஒரு டோக்கன் உருவாகும். பாஸ்வேர்டைக் கொடுக்காமலே ஒரு மென்பொருள் இன்னொன்றின் வீட்டுக்குள் போய்வரத் தரும் சாவி அது. முதல் முறை மொத்த டேட்டாவும் வரும். அதற்குப் பிறகு கடைசியாக வந்த நேரத்துக்குப் பின் மாறியது மட்டும் வரும். எந்த டேபிள், எந்த காலம், எத்தனை மணிக்கு ஒரு தடவை, எந்த நேர மண்டலம் என்று நாலைந்து கேள்வி கேட்கும். எல்லாரையும் போல அவளும் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று அடித்தாள்.

எல்லா காலத்துக்கும் டிக். அதில் "குறிப்பு" என்று ஒரு காலம். அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவள் அப்படியே ஏற்றியிருந்தாள். "சாவி பூந்தொட்டிக்கு அடியில்." "நாய் கடிக்கும்." "வீட்டுக்காரர் நைட் டூட்டி, பெல் அடிக்காதே." "பாட்டி தனியாக." புராஜெக்ட் பார்ட்னருக்கு ஷேர் செய்த லிங்க்கில் இதெல்லாம் தெரிந்தது. பார்ட்னர் தங்கமான பெண்தான், அவளே போன் செய்து சொன்னாள். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார், எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருக்கிறது, எந்த வீட்டில் ராத்திரி ஆம்பளை இல்லை... ஒரு தெருவின் மொத்த நம்பிக்கையும் ஒரு எக்செல் ஷீட் மாதிரி விரிந்து கிடந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தேவைக்கு மேல் தரவைச் சேர்க்காதே, சேர்த்ததை வேறு வேலைக்குப் பயன்படுத்தாதே என்பதெல்லாம் அதன் அடிப்படை. அப்பாவுக்குச் சட்டம் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் "அதெல்லாம் நமக்குன்னு சொன்னதும்மா, எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டாள்.

அடுத்து நம்பர் தகராறு. இரண்டு டேபிளைச் சேர்க்க இரண்டிலும் பொதுவாக ஒன்று வேண்டும். 1970ல் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் இருந்து டி.பி.எம்.எஸ். பாடம் வரை எல்லாரும் சொல்வது, ஒவ்வொரு வரிசைக்கும் தனக்கென்று ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்று. அவள் போன் நம்பரை அடையாளமாக எடுத்தாள். ஒரே ஆள் மூன்று ஆளானார்: ஒன்று 91 போட்டு, ஒன்று பூஜ்யம் போட்டு, ஒன்று நடுவில் இடைவெளி விட்டு. இன்னொரு பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டின் பல வீடுகளுக்கு செக்ரெட்டரியின் ஒரே நம்பர். ஆக, ஊரிலேயே அதிகம் தண்ணீர் குடிப்பவர் அந்த செக்ரெட்டரிதான் என்று டேஷ்போர்டு சொன்னது. பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சரிசெய்ய அவளுக்கு மூன்று ராத்திரி ஆனது.

சிரிக்க முடியாத இடமும் வந்தது. "முப்பது நாளாக வாங்காதவர்கள்" என்று ஒரு லிஸ்ட் எடுத்து, அவர்களுக்கு வாட்ஸப்பில் "உங்களை மிஸ் பண்ணுகிறோம்" என்று அனுப்பத் தயாரானாள். நல்லவேளை, அனுப்பும் முன் அப்பாவிடம் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். "இவங்க பொண்ணு பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்காங்க. இவரு ஆர்.ஓ. போட்டுட்டாரு. இது வாடகை வீடு, காலி பண்ணிட்டாங்க..." ஒரு பெயரில் விரல் நின்றது. "இந்த நம்பருக்கு அனுப்பிடாதம்மா. அவரு போய் இருபது நாள் ஆச்சு. போன் இப்ப அந்தம்மா கையில இருக்கு."

இதுவரை சொன்னதெல்லாம் முன்கதை.

கடையில் டெலிவரிக்கு இரண்டு பேர். ஒருவர் சின்னப் பையன். இன்னொருவர் பதினோரு வருடமாக இருப்பவர், அவளைப் பாவாடை சட்டையில் பார்த்தவர், அவளுக்கு அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பையன் வரமாட்டான், அண்ணா மட்டும்தான். அன்றைக்குத் தேவையும் அதிகம். அதனால் மற்ற நாள் ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் ஞாயிறு மட்டும் விடியற்காலை நாலு மணிக்கே வண்டியை எடுத்துவிடுவார். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை போடும் கேனுக்குத் தலா 3 ரூபாய் தனி பேட்டா. திங்கள் லீவு. அவர் திரும்பி வந்து எண்ணிக்கையைச் சொல்வார், அப்பா நோட்டில் எழுதிக்கொள்வார், மாசக் கடைசியில் கணக்கு. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

இப்போது மொபைல் ஆப் வந்துவிட்டதே. கேனை வைத்ததும் ஒரு தட்டு தட்டினால் சி.ஆர்.எம்.மில் நேரத்தோடு பதிவாகும். முதல் மாசக் கணக்கில் அவள் நாள் வாரியாக ரிப்போர்ட் எடுத்தாள். நோட்டில் நாலு ஞாயிறும் சேர்த்து 280 கேன். ரிப்போர்ட்டில் 110. மாச மொத்தம் மட்டும் இரண்டிலும் சரியாக இருந்தது. அப்படியென்றால் மீதி 170 எங்கே? சனிக்கிழமைகளில் இருந்தது.

எவ்வளவு தெளிவான விடை பாருங்கள். சனிக்கிழமை போட்டதை ஞாயிறு போட்டதாகச் சொல்லி பேட்டா வாங்குகிறார். அப்பாவிடம் சார்ட்டோடு காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அவனா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் சொல்லலப்பா, டேட்டா சொல்லுது."

கணக்கு நாளன்று அப்பா நேராக முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சிஸ்டத்துல இவ்ளோதான்பா வருது." 510 ரூபாய் குறைந்தது. அண்ணா பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சிஸ்டம் சொன்னா சரிதான்ணே" என்றார். அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அவர் நாலு மணிக்கு வரவில்லை. மற்ற நாள் மாதிரி ஆறு மணிக்கு வந்தார், மதியம் வரை போட்டார். மாசக் கடைசியில் நோட்டும் ரிப்போர்ட்டும் ஒரு கேன் பிசகாமல் ஒத்துப்போனது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாட்டிக்கொண்டார், திருந்திவிட்டார். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் "கசிவு கண்டறிதல்" என்று ஒரு தனித் தலைப்பே போட்டாள். வைவாவில் மிஸ் ரொம்பப் பாராட்டினார்.

மூன்றாவது மாசம், நம்பர் சரிபார்க்க வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டி வீட்டுக்குப் போனாள். (அந்த "பாட்டி தனியாக" வீடுதான். சி.ஆர்.எம்.மில் இருந்தது சிங்கப்பூரில் இருக்கும் மகன் நம்பர்.) நம்பரைச் சொல்லிவிட்டுப் பாட்டி கேட்டார், "ஏம்மா, முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம நாலரைக்கெல்லாம் கேன் வந்துடும். கதவத் தொறந்தா வாசல்ல இருக்கும். நான் காப்பி போடறதே அதுலதான். இப்ப ஏன் ஏழு மணி ஆவுது?"

நாலரை மணிக்கா? ஞாயிற்றுக்கிழமையா?

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வீட்டின் பதிவுகளை மட்டும் எடுத்தாள். நாள் வாரியாகக் கூட்டாமல், ஒவ்வொரு வரியாக, மணியோடு. முதல் மாசத்தில் நாலு வரிகள் சனிக்கிழமை என்றிருந்தன. நேரம்: இரவு 11.10, 11.04, 11.15, 11.08.

ராத்திரி பதினோரு மணிக்கு எவன் தண்ணீர் கேன் போடுவான்?

பதினொன்று பத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். விடியற்காலை 4.40. ஞாயிறு.

இணைக்கும்போது நேர மண்டலம் கேட்ட இடத்தில் அவள் "நெக்ஸ்ட்" அடித்திருந்தாள். அது கிரீன்விச் நேரத்தை எடுத்துக்கொண்டது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது இங்கே காலை ஐந்தரைக்கு முன் நடப்பதெல்லாம் அங்கே முந்தின நாள். ஐந்தரைக்கு மேல் நடப்பதற்கு ஒன்றும் ஆகாது, மணிதான் மாறுமே தவிர நாள் மாறாது. அதனால்தான் ஆறு மணிக்குக் கிளம்பிய மற்ற நாட்களில் எந்தக் குழப்பமும் தெரியவில்லை. அவர் ஞாயிறும் ஆறு மணிக்கு வர ஆரம்பித்ததும் கணக்கு ஒத்துப்போனதற்கும் அதுதான் காரணம். கோபித்துக்கொண்டு லேட்டாக வந்ததை ரிப்போர்ட் திருந்தியதாகக் காட்டியது.

(ஒரு சின்ன கிளைக்கதை. 1792ல் எழுந்த மெட்ராஸ் வானியல் ஆய்வுக் கூடத்தை வைத்து மெட்ராஸ் நேரம் என்றே ஒன்று இருந்தது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். இந்திய ரயில்வேயே ஒரு காலத்தில் அந்த நேரத்தில்தான் ஓடியது. 1906ல் மொத்த நாட்டுக்கும் ஐந்தரை என்று ஆக்கினார்கள். இன்றைக்குப் பல மென்பொருள் பட்டியலில் நம் நேரம் "ஏசியா/கொல்கத்தா" என்றுதான் இருக்கும். சென்னையைத் தேடினால் கிடைக்காது. அவள் தேடவே இல்லை என்பது வேறு விஷயம்.)

செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றி, திரும்ப சிங்க் செய்ததும் முதல் மாசத்தின் நாலு ஞாயிறுகள் 280க்கு ஏறின. சனிக்கிழமைகள் இறங்கின. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அப்பாவிடம் போனாள். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. திட்டவும் இல்லை. "நான் அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார், ஷட்டரைப் பார்த்துக்கொண்டு. அவரும் கேட்கவில்லையே, அவள் மட்டுமா?

மறுநாள் காலை கடையில் அண்ணாவிடம் அவளே சொன்னாள். கிரீன்விச், நேர மண்டலம் என்று ஆரம்பித்தாள், பாதியில் அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "தப்பு என்னுதுண்ணா. நீங்க சொன்ன கணக்குதான் சரி. நான்தான் அப்பாகிட்ட உங்களப் பத்தித் தப்பா சொன்னேன்."

அவர் கேனைத் தோளில் இருந்து இறக்கி வைத்தார். "எனக்குத் தெரியும் பாப்பா, நான் போட்டது போட்டதுதான்" என்றார். "ஊட்ல கேட்டாங்க, ஏன் பணம் கம்மின்னு. சிஸ்டம்னு சொன்னேன். அதுக்கு அவங்க, பதினோரு வருசம் இல்லாத சிஸ்டமான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

அப்பா 510 ரூபாயைக் கொடுத்தார். மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததை அவர் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புராஜெக்ட்டுக்கு மார்க் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அவள் மிஸ்ஸிடம் போய் "கசிவு கண்டறிதல்" பகுதி தவறு என்று எழுதிக் கொடுத்தாள். மார்க்கை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் மணி தெரிகிற மாதிரி ஒரு பக்கம் இருக்கிறது. மாசக் கடைசியில் அப்பா நோட்டையும் அதையும் அண்ணாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி இன்னமும் ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறது. நாலு மணிக்கு வரச் சொல்லி அப்பா கேட்கவில்லை, அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டிக்கு மட்டும் சனிக்கிழமை சாயந்தரமே ஒரு கேன் போய்விடுகிறது. டேஷ்போர்டில் அது சனிக்கிழமை என்றே பதிவாகிறது.